பேக்கப் எடுத்தாச்சு சரி, கம்ப்யூட்டரே பூட் ஆகலைன்னா அதை எங்க உட்கார்ந்து ரெஸ்டோர் பண்றது?

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 11க்கு கேபி5066835ன்னு ஒரு மாசாந்திர அப்டேட் வந்துச்சு. அதைப் போட்டப்புறமும் கம்ப்யூட்டர் எப்பவும்போலதான் ஓடுச்சு, கீபோர்டு மவுஸ் எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு, ஆனா ஏதோ கோளாறுன்னு ரெக்கவரி ஸ்கிரீனுக்குப் போனவங்களுக்கு மட்டும் அங்க யூஎஸ்பி கீபோர்டும் வேலை செய்யல மவுஸும் அசையல. நீலக் கலர் ஸ்கிரீன்ல "டிரபிள்ஷூட்"ன்னு பட்டன் கண்ணு முன்னாடி நிக்குது, அதை அமுக்க வழி இல்ல. ஆறு நாள் கழிச்சு அக்டோபர் 20ஆம் தேதி கேபி5070773ன்னு ஒரு அவசர அப்டேட் விட்டு மைக்ரோசாஃப்ட் அதை சரி பண்ணிச்சு. அதுவரைக்கும் சமாளிக்க அவங்க சொன்ன வழிகள்ல ஒண்ணு என்னன்னா, முன்னாடியே செஞ்சு வச்ச யூஎஸ்பி ரெக்கவரி டிரைவ் இருந்தா அதுல இருந்து பூட் பண்ணுங்க, அதுல கீபோர்டு மவுஸ் வேலை செய்யும்.

அப்போ நிறைய பேருக்கு வந்த குழப்பம் இதுதான்: ஒரே கம்ப்யூட்டர், ஒரே மவுஸ், விண்டோஸ்ல வேலை செய்யுது ரெக்கவரில செய்யல, இது எப்படி? இதுக்கு பதில் புரிஞ்சா பேக்கப் ரெஸ்டோர் சம்பந்தமா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி. அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

ரெக்கவரி ஸ்கிரீன்ங்கிறது தனியா இன்னொரு சின்ன விண்டோஸ்

நாம தினமும் ஓட்டுற விண்டோஸ் சி டிரைவ்ல இருக்கு. அது ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆயிரக்கணக்கான ஃபைல் திறந்தே இருக்கும். பேக்கப்பை ரெஸ்டோர் பண்றதுன்னா அந்த சி டிரைவை முழுசா அழிச்சு பழைய நிலைமையை அது மேல எழுதணும். குடியிருக்கிற வீட்டுக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டு அந்த வீட்டை இடிச்சுக் கட்ட முடியாது, வெளிய வந்து நிக்க ஒரு இடம் வேணும். கம்ப்யூட்டர்ல அந்த வெளி இடம்தான் ரெக்கவரி என்விரான்மென்ட், தமிழ்ல மீட்புச் சூழல்னு வச்சுக்கலாம். சி டிரைவைத் தொடாம தனியா பூட் ஆகி முழுக்க ரேம்ல ஓடுற ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் அது.

மேல போறதுக்கு முன்னாடி நாலு வார்த்தையைத் தெளிவு பண்ணிக்கணும், ஏன்னா இதெல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுதான் பல பேர் மாட்டிக்கிறாங்க.

1. பேக்கப் இமேஜ்: டிஸ்க்ல இருக்கிற பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்சு வச்ச பகுதி) எல்லாத்தையும், விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ், சொந்த ஃபைல் சேர்த்து, அப்படியே பிடிச்சு வைக்கிற காப்பி. ஃபோட்டோவையும் டாக்குமெண்ட்டையும் மட்டும் காப்பி பண்ணி வச்சா அது ஃபைல் பேக்கப், அதை ரெஸ்டோர் பண்ண இந்தத் தொல்லை எதுவும் இல்ல, ஆனா விண்டோஸை நீங்க புதுசா போட்டுக்கணும்.

2. வின்பிஇ: விண்டோஸ் ப்ரீஇன்ஸ்டலேஷன் என்விரான்மென்ட். விண்டோஸ் இன்ஸ்டால் பண்றதுக்கும் ரிப்பேர் பண்றதுக்கும்னே மைக்ரோசாஃப்ட் செஞ்ச மொட்டை விண்டோஸ். பூட் ஆனா எக்ஸ்னு ஒரு டிரைவ் லெட்டர் போட்டுக்கிட்டு ரேம்ல உட்காரும். இதையே யாரும் நிரந்தர விண்டோஸா ஓட்டக் கூடாதுன்னு 72 மணி நேரத்துல தானா ரீஸ்டார்ட் ஆகுற மாதிரி வச்சிருக்காங்க.

3. வின்ஆர்இ: அதே வின்பிஇ மேல ஸ்டார்ட்டப் ரிப்பேர், சிஸ்டம் ரெஸ்டோர் மாதிரி டூல்களை ஏத்தி, உங்க டிஸ்க்லயே ஒரு சின்ன பார்ட்டிஷன்ல ஒளிச்சு வச்சிருக்கிற ரெக்கவரி. ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுத்தா வர்ற நீல ஸ்கிரீன் இதுதான்.

4. பூட் மீடியா: இந்தச் சூழலை பென்டிரைவ்லயோ டிவிடிலயோ வெளிய எடுத்து வச்சிருக்கிறது.

இப்போ அக்டோபர் பிரச்சினைக்கு வருவோம். வின்ஆர்இ தனி ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கிறதால அதுக்குன்னு தனி டிரைவர்கள் (ஹார்டுவேரை வேலை செய்ய வைக்கிற சின்ன சாஃப்ட்வேர்கள்) இருக்கு. மெயின் விண்டோஸ்ல யூஎஸ்பி வேலை செய்யுதுங்கிறது இங்க செல்லாது. பழைய பென்டிரைவ்ல இருந்தது அப்டேட்டுக்கு முந்தின காப்பி, அதனால அது தப்பிச்சுச்சு.

டிஸ்க்குக்குள்ளயே இருக்கிற ரெக்கவரியை மட்டும் நம்பினா என்ன ஆகும்

"அதான் உள்ளயே வின்ஆர்இ இருக்கே, எதுக்குத் தனியா பென்டிரைவ்"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான், சின்ன கோளாறுக்கெல்லாம் அது போதும். ஆனா அது இருக்கிற இடம் உங்க அதே டிஸ்க், எஸ்எஸ்டி செத்தா அதுவும் சேர்ந்து சாகும், புது எஸ்எஸ்டி வாங்கி மாட்டினா அது வெறும் பலகை, அதுல ரெக்கவரியும் இருக்காது ஒண்ணும் இருக்காது.

டிஸ்க் நல்லா இருக்கும்போதே கூட அது காணாம போகும். 2024 ஜனவரில விண்டோஸ் 10க்கு கேபி5034441ன்னு ஒரு அப்டேட் வந்துச்சு, வின்ஆர்இ வழியா பிட்லாக்கரை (டிஸ்க்கையே என்க்ரிப்ட் பண்ணிப் பூட்டுற விண்டோஸ் வசதி) தாண்டி உள்ள போக முடிஞ்ச ஒரு ஓட்டையை அடைக்கிற அப்டேட். அது ஏறணும்னா ரெக்கவரி பார்ட்டிஷன்ல 250 எம்பி காலியா இருக்கணும், நிறைய கம்ப்யூட்டர்ல அவ்வளவு இடமே இல்ல, 0எக்ஸ்80070643ன்னு எரர் மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு. சி டிரைவைச் சுருக்கி அந்த பார்ட்டிஷனைப் பெருசாக்குங்கன்னு கமாண்ட் வரிசையா கொடுத்தாங்க, அதை அடிக்கும்போது பாதில விட்டவங்க கம்ப்யூட்டர்ல வின்ஆர்இ அணைஞ்சே கிடக்கும், அது அவங்களுக்கே தெரியாது. உங்க கம்ப்யூட்டர்ல என்ன நிலைமைன்னு பாக்கறது சுலபம்: கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து "ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் இன்ஃபோ" (reagentc /info)ங்கிற கமாண்டை இங்கிலீஷ்ல அடிங்க, முதல் வரில ஸ்டேட்டஸ் எனேபிள்டா டிஸேபிள்டான்னு காட்டும்.

இன்னொரு விஷயம் ரான்சம்வேர். ஃபைலைப் பூட்டி காசு கேக்குற இந்த வகை வைரஸ்கள்ல பலதும் முதல் வேலையா ஷேடோ காப்பியை (விண்டோஸ் தானே எடுத்து வைக்கிற பழைய நிலைமைக் காப்பி) அழிச்சிட்டு, விண்டோஸ் ரெக்கவரியையும் அணைச்சிட்டுத்தான் மத்ததைத் தொடும். வீட்டுக்குள்ள இருக்கிற உதிரிச் சாவியை திருடன் முதல்ல எடுத்துக்கிற மாதிரி.

வெளிய இருந்து பூட் பண்றதோட அருமை ஊருக்கே தெரிஞ்ச நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட ஒரு தப்பான அப்டேட்டால உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்கிரீன்ல விழுந்துச்சுன்னு மைக்ரோசாஃப்ட்டே கணக்கு சொல்லிச்சு. அதுக்கு மருந்து ரொம்ப சின்னது, ஒரு ஃபோல்டருக்குள்ள போய் ஒரு ஃபைலை அழிக்கணும் அவ்வளவுதான், ஆனா அந்த ஃபோல்டருக்குள்ள போக விண்டோஸ் பூட் ஆகணுமே. அடுத்த ஓரிரு நாள்ல மைக்ரோசாஃப்ட் ஒரு ரெக்கவரி டூல் விட்டாங்க, அது செஞ்சது என்னன்னா வின்பிஇ போட்ட பூட்டபிள் பென்டிரைவ் ஒண்ணைத் தயார் பண்ணிக் கொடுத்ததுதான். அதை ஒவ்வொரு மெஷினா எடுத்துட்டுப் போய் சொருகிச் சொருகி சரி பண்ணினாங்க. பிட்லாக்கர் போட்ட மெஷின்ல பூட்டைத் திறக்கிற 48 இலக்க ரெக்கவரி கீயை ஒவ்வொண்ணா அடிக்க வேண்டியிருந்துச்சு. அந்தக் கீ எல்லாம் எந்த சர்வர்ல இருந்துச்சோ அந்த சர்வரே படுத்துட்டா அந்த ஆஃபீஸ் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

விண்டோஸே செஞ்சு தர்ற ரெக்கவரி டிரைவ்

ஸ்டார்ட் மெனுல ரெக்கவரி டிரைவ்னு தேடினா ஒரு டூல் வரும். 16 ஜிபியோ அதுக்கு மேலயோ உள்ள பென்டிரைவ் சொருகி, "சிஸ்டம் ஃபைலையும் சேர்த்து பேக்கப் பண்ணு"ங்கிற டிக்கை விட்டு வச்சு, ஒரு மணி நேரம் போல காத்திருந்தா தயார். பென்டிரைவ்ல ஏற்கனவே இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், அதனால கல்யாண ஃபோட்டோ இருக்கிற பென்டிரைவை இதுக்கு எடுத்துடாதீங்க.

இதை வச்சு விண்டோஸை ரிப்பேர் பண்ணலாம், புதுசா இன்ஸ்டால் பண்ணலாம். ஆனா இதுல உங்க ஃபைல் ஒண்ணு கூட கிடையாது, நீங்க போட்ட சாஃப்ட்வேரும் கிடையாது. "ரெக்கவரி டிரைவ் செஞ்சாச்சு, அதனால பேக்கப் இருக்கு"ன்னு நினைக்கிறவங்க ரொம்ப பேர் இருக்காங்க, இது பேக்கப்பே இல்ல, பேக்கப்புக்குப் போற பாதை. வருஷத்துக்கு ஒரு தடவை இதைத் திரும்ப செஞ்சுக்கோங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்றாங்க.

பழைய கண்ட்ரோல் பேனல்ல "பேக்கப் அண்ட் ரெஸ்டோர் விண்டோஸ் 7"ன்னு ஒண்ணு இன்னும் இருக்கும், அதுல சிஸ்டம் இமேஜ் எடுக்கலாம், இந்த ரெக்கவரி டிரைவ்ல பூட் பண்ணி ரெஸ்டோரும் பண்ணலாம். ஆனா 2017லயே இதைக் கைவிடப் போற பட்டியல்ல போட்டுட்டாங்க, நான் இதை நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். ஏற்கனவே இதுல எடுத்து வச்சவங்களுக்கு ஒரு விஷயம்: விண்டோஸ்இமேஜ்பேக்கப்ங்கிற அந்த ஃபோல்டர் ஹார்டு டிஸ்க்கோட முதல் மட்டத்துலயே இருக்கணும். ஒழுங்கா வைக்கலாமேன்னு வேற ஃபோல்டருக்குள்ள தள்ளி வச்சா ரெஸ்டோர் பண்ணும்போது அது கண்ணுக்கே தெரியாது, பேரையும் மாத்தக் கூடாது.

வின்பிஇயா, லினக்ஸா

பேக்கப் சாஃப்ட்வேர் எதை எடுத்தாலும் உள்ள "ரெஸ்க்யூ மீடியா" அல்லது "ரெக்கவரி மீடியா"ன்னு ஒரு மெனு இருக்கும். அது செஞ்சு கொடுக்கிறது ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, வின்பிஇக்குள்ள அந்த சாஃப்ட்வேரைப் போட்டுத் தரும், இல்லைன்னா ஒரு சின்ன லினக்ஸ்ல போட்டுத் தரும்.

வின்பிஇயோட பலம், விண்டோஸ் டிரைவரை அப்படியே அதுல ஏத்திக்கலாம், பிட்லாக்கரும் அதுக்குப் புரியும். பலவீனம், சாதாரண வின்பிஇல வைஃபை கிடையாது, பேக்கப் நெட்வொர்க் ஸ்டோரேஜ்ல இருந்தா லேன் கேபிள் வேணும். இப்போ வர்ற மெல்லிசு லேப்டாப்ல லேன் போர்ட்டே இல்ல, அப்போ யூஎஸ்பி லேன் அடாப்டரும் அதோட டிரைவரும் வேணும். கையால வின்பிஇ செய்யணும்னா மைக்ரோசாஃப்ட்டோட ஏடிகேங்கிற (விண்டோஸ் இன்ஸ்டால் வேலைகளுக்கான கருவித் தொகுப்பு) டூலும், அதுக்கான வின்பிஇ ஆட்ஆனும் தனித்தனியா டவுன்லோடு பண்ணணும், 2018ல இருந்து ரெண்டையும் பிரிச்சுட்டாங்க.

லினக்ஸ் பக்கம் க்ளோன்ஸில்லா பல வருஷமா இருக்கு, இலவசம், தைவான்ல இருந்து வர்றது. அதுல கறுப்பு ஸ்கிரீன்ல கேள்வி கேள்வியா வரும், ஒவ்வொண்ணையும் படிச்சுப் பதில் சொல்லணும், அது பயமா இருந்தா ரெஸ்க்யூஸில்லா எடுங்க, மவுஸால க்ளிக் பண்ற மாதிரி இருக்கும், க்ளோன்ஸில்லா எடுத்த இமேஜையும் அது படிக்கும். க்ளோன்ஸில்லால ஒரு கட்டுப்பாடு உண்டு, 512 ஜிபி டிஸ்க்ல எடுத்த இமேஜை 256 ஜிபி டிஸ்க்ல அது சாதாரணமா இறக்காது, உள்ள வெறும் 80 ஜிபிதான் டேட்டா இருந்தாலும் சரி. சின்ன எஸ்எஸ்டிக்கு மாறப் போறவங்க இமேஜ் எடுக்கிறதுக்கு முன்னாடியே பார்ட்டிஷனைச் சுருக்கி வச்சுக்கணும்.

நிறைய பேர் நம்பி இருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவச வெர்ஷன் 2024 ஜனவரி 1ஓட முடிஞ்சு போச்சு. அதுல எடுத்த பழைய இமேஜ் வச்சிருந்தா அதைத் திறக்கிற அதே ரெஸ்க்யூ பென்டிரைவையும் பத்திரமா வச்சிருங்க, இமேஜும் அதைப் படிக்கிற கருவியும் ஒரு ஜோடி, ஒண்ணு போனா இன்னொண்ணு குப்பை.

மேக் வேற மாதிரி. ஆப்பிள் சிப் போட்ட மேக்ல பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சா ரெக்கவரி வரும், ஆனா உள்ள இருக்கிற எஸ்எஸ்டி செத்துட்டா வெளி டிஸ்க்ல இருந்தும் அது பூட் ஆகாது. டி2 சிப் உள்ள இன்டெல் மேக்ல வெளி டிஸ்க் பூட்டுக்கு முன்கூட்டியே ரெக்கவரிக்குள்ள போய் அனுமதி கொடுத்து வைக்கணும்.

பென்டிரைவ் சொருகியாச்சு, அப்புறம் எங்கெல்லாம் தடுக்கும்

இதுதான் முக்கியமான இடம். பூட் ஆகுற பென்டிரைவுக்கும் உங்க பேக்கப்புக்கும் நடுவுல அஞ்சு கதவு இருக்கு, ஒண்ணு சாத்தியிருந்தாலும் அங்கயே நிக்க வேண்டியதுதான்.

1. ஃபர்ம்வேர் முறை. ஃபர்ம்வேர்னா விண்டோஸுக்கு முன்னாடியே மதர்போர்டுல ஓடி பூட்டை ஆரம்பிச்சு வைக்கிற சாஃப்ட்வேர். பழைய மெஷின்ல பயாஸ், 2012க்கு அப்புறம் வந்ததுல பெரும்பாலும் யூஇஎஃப்ஐ. ஃபேட்32, என்டிஎஃப்எஸ்ங்கிறது டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற ரெண்டு ஃபார்மேட். யூஇஎஃப்ஐ பென்டிரைவ்ல ஃபேட்32 பார்ட்டிஷனைத்தான் நிச்சயமா படிக்கும், என்டிஎஃப்எஸ்ஸை எல்லா மெஷின்லயும் படிக்காது. ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை வைக்க முடியாது. அதனாலதான் பூட் பார்ட்டிஷனை சின்னதா ஃபேட்32லயும், பேக்கப் இமேஜை வேற ஹார்டு டிஸ்க்ல என்டிஎஃப்எஸ்லயும் வைக்கச் சொல்றது. யூஇஎஃப்ஐ விண்டோஸை ரெஸ்டோர் பண்ணணும்னா பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறைலயே பூட் பண்ணணும். பூட் மெனுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை காட்டும், யூஇஎஃப்ஐன்னு முன்னாடி போட்டிருக்கிறதை எடுங்க.

2. செக்யூர் பூட். இதைக் கொஞ்சம் விரிவாப் பாக்கணும், கீழ தனியா வருது.

3. ஸ்டோரேஜ் டிரைவர். இதுவும் தனியா.

4. பிட்லாக்கர். விண்டோஸ் 11 24ஹெச்2ல இருந்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டுப் புதுசா இன்ஸ்டால் பண்ணினா பெரும்பாலான மெஷின்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆயிடுது, நாம கேக்கவே இல்ல, அது சொல்லவும் இல்ல. 48 இலக்க ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். அதை பேப்பர்ல எழுதி வைங்க, அதே கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல்ல சேவ் பண்ணி வச்சு பிரயோஜனம் இல்ல. டிஸ்க்கை முழுசா அழிச்சு ரெஸ்டோர் பண்றப்போ இந்தக் கீ தேவைப்படாது, ஆனா ரெஸ்டோருக்கு முன்னாடி நேத்து எழுதின ஃபைலை வெளிய எடுக்கணும்னா கீ இல்லாம நடக்காது.

5. பேக்கப்போட சொந்த பாஸ்வேர்டு. இமேஜை என்க்ரிப்ட் பண்ணி வச்சிருந்தா அந்த பாஸ்வேர்டு, நெட்வொர்க்ல இருந்தா அந்த யூசர்நேம் பாஸ்வேர்டு, ஐபி அட்ரஸ். விண்டோஸ்ல எல்லாம் சேவ் ஆகியிருக்கிறதால மறந்தே போயிருப்போம், மீட்புச் சூழலுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

செக்யூர் பூட்டும் 2026 சர்டிஃபிகேட் செய்தியும்

"2026ல செக்யூர் பூட் சர்டிஃபிகேட் காலாவதி, கம்ப்யூட்டர் பூட் ஆகாது"ன்னு பரவுன செய்தில பாதி உண்மை, பாதி பயம்.

செக்யூர் பூட்ங்கிறது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் "நீ யாரு, உன் மேல யார் கையெழுத்து"ன்னு பூட் ஃபைலைக் கேக்குற காவல்காரன். மதர்போர்டுக்குள்ள ரெண்டு பட்டியல் இருக்கு, உள்ள விடலாம்ங்கிற பட்டியல், விடவே கூடாதுங்கிற பட்டியல். மைக்ரோசாஃப்ட்டோட 2011ஆம் வருஷத்து சர்டிஃபிகேட்கள் முதல் பட்டியல்ல உட்கார்ந்து இத்தனை வருஷம் வேலை செஞ்சுச்சு. அதுல சிலது 2026 ஜூன்லயும், விண்டோஸ் பூட்லோடருக்குக் கையெழுத்துப் போடுறது 2026 அக்டோபர்லயும் முடியுது. அதுக்குப் பதிலா 2023 சர்டிஃபிகேட்களை அப்டேட் வழியா ஏத்துறாங்க.

தேதி முடிஞ்சதும் ஓடிக்கிட்டு இருக்கிற மெஷின் நின்னுடாது, ஏற்கனவே கையெழுத்து வாங்கின பூட் ஃபைல் பூட் ஆகத்தான் செய்யும்னு மைக்ரோசாஃப்ட் தெளிவாவே சொல்லியிருக்காங்க, புதுசா வர்ற பூட் பாதுகாப்பு அப்டேட்தான் கிடைக்காது. சிக்கல் வேற இடத்துல. பிளாக்லோட்டஸ்னு ஒரு பூட்கிட் (விண்டோஸுக்கு முன்னாடியே பூட்ல நுழையுற வைரஸ்) செக்யூர் பூட்டையே ஏமாத்துச்சு, பழைய ஓட்டை உள்ள பூட்லோடரைத் தானே கொண்டு வந்து நல்ல கையெழுத்தைக் காட்டி உள்ள நுழையும். அதைத் தடுக்க 2023 மே மாசத்துல இருந்து படிப்படியா ஒரு ஏற்பாடு வந்துச்சு, அதோட கடைசிப் படில 2011 சர்டிஃபிகேட்டையே ரெண்டாவது பட்டியல்ல தள்ளுவாங்க. இதனால பென்டிரைவுக்கு ரெண்டு விதமா அடி விழும்:

1. உங்க மெஷின்ல 2011 சர்டிஃபிகேட்டைத் தடை பண்ணிட்டா, அதுக்கு முன்னாடி செஞ்ச விண்டோஸ் ரெக்கவரி பென்டிரைவ், இன்ஸ்டால் டிவிடி, கம்பெனியோட ரெஸ்க்யூ டிஸ்க் எதுவும் செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போது பூட் ஆகாது.

2. அதுக்கு நேர் எதிரா, பழைய மெஷின்ல 2023 சர்டிஃபிகேட் ஏறவே இல்லைன்னா, 2023 கையெழுத்து மட்டும் உள்ள புது பென்டிரைவை அது உள்ள விடாது.

ஆக பென்டிரைவும் மெஷினும் ஒரே காலத்துல இருக்கணும். லினக்ஸ்காரங்களுக்கு இது 2024 ஆகஸ்ட்லயே நடந்துச்சு, அந்த மாச விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடை பண்ணினதுல டூயல் பூட் (விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருக்கிற) மெஷின் பலதும், பழைய லினக்ஸ் லைவ் பென்டிரைவ்களும் செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு ஒரு வரி காட்டி அணைஞ்சு போச்சு. இப்போ செய்யுற ரெஸ்க்யூ மீடியான்னா சாஃப்ட்வேரோட லேட்டஸ்ட் வெர்ஷன்ல இருந்து செய்யுங்க, ஏடிகேல செய்றவங்களுக்கு 2023 கையெழுத்துள்ள பூட் ஃபைலைப் போடுற ஆப்ஷன் புது ஏடிகேல இருக்கு.

அவசரத்துக்கு செக்யூர் பூட்டை அணைச்சு பூட் பண்ணலாம், அது குத்தம் இல்ல, ஆனா பிட்லாக்கர் போட்ட மெஷின்ல அதை அணைச்சா அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க கீ கேக்க வாய்ப்பு அதிகம். கீ கைல இருக்குன்னு உறுதி பண்ணிட்டு அதைத் தொடுங்க.

டிஸ்க்கே தெரியல: நேர்ல எப்படி இருக்கும்

இன்டெல் 11ஆம் ஜெனரேஷன் லேப்டாப்ல இருந்து விஎம்டின்னு ஒண்ணு, எஸ்எஸ்டியை இன்டெல் கன்ட்ரோலர் வழியா நிர்வகிக்கிற வசதி, பயாஸ்ல ஆன் பண்ணியே வர்ற மாடல் நிறைய. அது ஆன்ல இருந்தா என்விஎம்இ எஸ்எஸ்டி நேரா கண்ணுக்குத் தெரியாது, இன்டெல்லோட தனி டிரைவர் வேணும். மெயின் விண்டோஸ்ல அது ஏற்கனவே இருக்கு. உங்க வின்பிஇல இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

அப்போ காட்சி இப்படி இருக்கும். பென்டிரைவ் நல்லா பூட் ஆயிடுச்சு, எக்ஸ் டிரைவ்னு காட்டுற கறுப்பு விண்டோல டிஸ்க்பார்ட் அடிக்கிறீங்க, லிஸ்ட் டிஸ்க் கொடுக்கிறீங்க, ஒரே ஒரு வரி வருது, டிஸ்க் 0, 14 ஜிபி, அது நீங்க சொருகின பென்டிரைவ். 512 ஜிபி எஸ்எஸ்டி எங்க? இந்த இடத்துலதான் "எஸ்எஸ்டி செத்துப் போச்சு"ன்னு முடிவு பண்ணி கடைக்கு ஓடிப் போய் புதுசு வாங்குறாங்க, அந்தக் காசு வீண்ங்கிறதுதான் எனக்கு ஆத்தாமை. லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து அந்தத் தனி டிரைவரை, பேரு இன்டெல் ஆர்எஸ்டி, வேற மெஷின்ல டவுன்லோடு பண்ணி, பிரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிற ஃபோல்டரை பென்டிரைவ்ல போட்டு, டிஆர்விலோடு (drvload)ங்கிற கமாண்டுக்கு அந்த ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டினா ரெண்டே செகண்ட், திரும்ப லிஸ்ட் டிஸ்க் கொடுத்தா 476 ஜிபின்னு இன்னொரு வரி வந்து நிக்கும். கடைல 512ன்னு விக்கிறதை விண்டோஸ் 476ன்னுதான் காட்டும், அது கணக்கு முறைல உள்ள வித்தியாசம், எஸ்எஸ்டில குறை இல்ல.

பயாஸ்ல விஎம்டியை அணைச்சும் டிஸ்க்கைத் தெரிய வைக்கலாம். ஆனா விஎம்டி ஆன்ல இருக்கும்போது எடுத்த இமேஜை அப்படி ரெஸ்டோர் பண்ணினா விண்டோஸ் "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்"னு நீல ஸ்கிரீன்ல நிக்கலாம். வேற மதர்போர்டுக்கு மாறும்போதும் இதே கதைதான். டிரைவரை முன்னாடியே ரெஸ்க்யூ மீடியால ஏத்திக்கிறதுதான் சரி, பெரும்பாலான சாஃப்ட்வேர்ல மீடியா செய்யும்போதே அதுக்கு இடம் கொடுக்கிறாங்க.

செஞ்சு முடிச்ச அன்னைக்கே சோதிக்கிற முறை

1. கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணாம ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்ல, பாதி தூக்கம், பூட் மெனு கீயும் பல சமயம் பிடிக்காது.

2. பூட் மெனு கீ: டெல், லெனோவோ எஃப்12, ஹெச்பி எஃப்9, எம்எஸ்ஐ எஃப்11, அசுஸ் லேப்டாப்ல எஸ்கேப். ஏசர்ல எஃப்12தான், ஆனா சில மாடல்ல பயாஸ்ல அதை ஆன் பண்ணினாதான் வரும்.

3. உள்ள போனதும் கீபோர்டு, மவுஸ், டச்பேட் மூணையும் தொட்டுப் பாருங்க. உள் டிஸ்க் சரியான சைஸோட தெரியுதா பாருங்க.

4. பேக்கப் இருக்கிற ஹார்டு டிஸ்க்கைச் சொருகி இமேஜைத் திறந்து, வெரிஃபை கொடுங்க. இது நேரம் எடுக்கும், யூஎஸ்பி 2 போர்ட்ல செகண்டுக்கு 35 எம்பி மாதிரிதான் ஓடும், 200 ஜிபி இமேஜ்னா ஒன்றரை மணி நேரம் தாண்டும். நீலக் கலர் யூஎஸ்பி 3 போர்ட் இருந்தா அதுல சொருகுங்க.

5. முடிஞ்சா இமேஜுக்குள்ள இருந்து ஏதாவது ஒரு ஃபைலை மட்டும் வெளிய எடுத்துத் திறந்து பாருங்க. ரெஸ்டோர் பட்டனை அமுக்குறதுக்கு முந்தின ஸ்கிரீன் வரைக்கும் போய் கேன்சல் பண்ணிட்டு வெளிய வந்துடுங்க.

சும்மா ஒரு பழைய எஸ்எஸ்டி கைல இருந்தா அதை மாட்டி நிஜமாவே ரெஸ்டோர் பண்ணிப் பாக்கிறதை விட நல்ல சோதனை இல்ல.

நிஜமா ரெஸ்டோர் பண்ற அன்னைக்கு

பதட்டத்துல நடக்குற பெரிய தப்பு, தப்பான டிஸ்க்கை அழிக்கிறது. மீட்புச் சூழல்ல டிரைவ் லெட்டர் மாறியிருக்கும், நீங்க டின்னு நினைக்கிறது அங்க சின்னு காட்டலாம், லினக்ஸ்ல லெட்டரே இருக்காது. லெட்டரைப் பாக்காதீங்க, சைஸையும் மாடல் பேரையும் பாருங்க. ஒரே சைஸ்ல ரெண்டு டிஸ்க் இருந்தா ஒண்ணைக் கழட்டி வச்சிட்டு ஆரம்பிங்க, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

பழைய டிஸ்க் இன்னும் கொஞ்சம் உயிரோட இருந்தா அது மேலயே ரெஸ்டோர் பண்ணாதீங்க. புது டிஸ்க்ல இறக்குங்க, பழசுல இருந்து அப்புறம் நிதானமா விட்டுப்போன ஃபைலை எடுக்கலாம். ரான்சம்வேர்னா லேன் கேபிளைப் பிடுங்கிட்டு, வைஃபையை அணைச்சிட்டு, மீட்புச் சூழல் பூட் ஆனப்புறம்தான் பேக்கப் டிஸ்க்கைச் சொருகணும், அதுக்கு முன்னாடி வேண்டாம்.

ரெஸ்டோர் பண்ணும்போது சி பார்ட்டிஷனை மட்டும் டிக் பண்ணினா போதாது, பூட் ஃபைல் இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸ் தனக்குன்னு ஒதுக்கி வைக்கிற 16 எம்பி ரிசர்வ்டு பார்ட்டிஷன், ரெக்கவரி பார்ட்டிஷன் எல்லாத்தையும் சேர்த்து எடுக்கணும். இஎஃப்ஐ விட்டுப்போய் "நோ பூட்டபிள் டிவைஸ்"னு வந்தா பயப்பட வேண்டாம், திரும்ப பென்டிரைவ்ல பூட் பண்ணி பிசிடிபூட் (bcdboot)ங்கிற கமாண்டால பூட் ஃபைலைப் புதுசா எழுதிக்கலாம், பல ரெஸ்க்யூ மீடியால "ஃபிக்ஸ் பூட்"னு ஒரு பட்டனாவே இருக்கு.

விண்டோஸ் ஏறி வந்ததும் ரீஏஜென்ட்சி இன்ஃபோவை இன்னொரு தடவை ஓட்டுங்க, இடம் மாறினதுல வின்ஆர்இ டிஸேபிள்டுன்னு நிக்கிறது சகஜம், அதே கமாண்ட்ல எனேபிள் கொடுத்தா திரும்பும். பிட்லாக்கர் பெரும்பாலும் அணைஞ்ச நிலைல வந்திருக்கும், திரும்ப ஆன் பண்ணினா புது ரெக்கவரி கீ வரும், பேப்பர்ல இருக்கிற பழைய கீயை அடிச்சிட்டு புதுசை எழுதிக்கோங்க.